பத்துப் பேர்ச் பிரபுவின் கவலை

திருகோணமலை லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு மாமாவுக்கு மூன்று நாளாக நித்திரை இல்லை. முதுசத்துக்கு வரி போடப்போகிறார்களாம். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவில் கேட்டாராம். "செத்தாலும் விடமாட்டாங்களோ தம்பி?" என்று கண் கலங்கினார். அவர் விட்டுப்போக இருக்கும் சொத்தையும் சொல்லிவிடுகிறேன்: பத்துப் பேர்ச் பெர்மிட் காணி, அதில் தகரம் போட்ட வீடு, ஓடாத மோட்டார் சைக்கிள், அடகில் கிடக்கும் மாமியின் தாலிக்கொடி.

அழவேண்டியவர்கள் பணக்காரர் வாழும் கொழும்பு ஏழில் குறட்டை விடுகிறார்கள். அழுவதற்கும் அவர்களுக்கு ஆள் இருக்கிறது. எங்கள் மாமாதான். சம்பளமும் கேட்பதில்லை.

வெள்ளைக்காரன் 1919இல் இங்கே மரணவரியைச் சட்டமாக்கினான். தன் நாட்டில் ஒரு எல்லைக்கு மேற்பட்ட முதுசத்தில் இன்றைக்கும் 40 வீதம் எடுக்கிறான். நாங்கள் சுதந்திரப் பிரசைகள் அல்லவா? ரொனி டி மெல் நிதி அமைச்சராக இருந்தபோது, 1985இல் மரணவரியை ஒழித்துக்கட்டினோம். அதே 1985இல்தான் யுத்தத்தில் திருகோணமலையில் கிராமங்கள் எரிந்தன. சனம் உடுத்த துணியோடு அகதி முகாமுக்கு ஓடியது. கொழும்பில் முதுசம் முழுசாய்க் கைமாறியது, இங்கே முதுசம் முழுசாய்ச் சாம்பலானது. இரண்டுக்கும் வரி இல்லை. இதைவிடச் சமத்துவம் வேறென்ன வேண்டும்?

2022இல் நாடு கடன் கட்டமுடியாமல் கைவிரித்தது. அடுத்த வருடம் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கியபோது, நன்கொடைக்கும் முதுசத்துக்கும் 2025இல் வரி கொண்டுவருவோம் என்று ஆட்சியாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான். மாமாவின் பத்துப் பேர்ச் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவும் போவதில்லை. 2025 வந்தது, வரி வரவில்லை. வற் வரி மட்டும் சொன்ன சொல் தவறாத உத்தமன். 2022 தொடக்கத்தில் 8 வீதம், 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதம். சமையல் காஸும் பெட்ரோலும் அன்றைக்குத்தான் அந்த வலைக்குள் விழுந்தன.

"ஒருக்கா வரி கட்டின காசுக்குத் திரும்பவும் வரியா?" என்று முதலாளிமார் நியாயம் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சம்பளத்தில் வரி வெட்டுப்பட்ட ரீச்சர், மிச்சக் காசில் காஸ் வாங்கும்போது கட்டுவது என்ன, காணிக்கையா?

முதுசத்துக்கு அரசாங்கம் கணக்குக் கேட்பதில்லை என்று யார் சொன்னது? மாமாவிடம் கேட்கும். அவர் கையில் இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துப் பெர்மிட். விரும்பியவருக்கு எழுத முடியாது. சட்டம் சொல்லும் உறவுக்குள்தான் பின்னுரித்தாளரைப் போடலாம். பெயர் போடாமல் செத்தால் சட்டமே வாரிசைப் பொறுக்கும். 2022இல் திருத்தும்வரை மூத்த மகன்தான் முன்னுக்கு. பால் கறந்து, தண்ணி சுமந்து, தகப்பனைக் கடைசிவரை பார்த்த மகள் பின்னுக்கு. மனைவி மறுமணம் செய்தால் அந்தக் காணியும் போனது. ஏழைக் கைம்பெண்ணின் படுக்கையறைவரை வந்து எட்டிப்பார்த்த சட்டம், கோடீஸ்வரன் வீட்டு இரும்புப் பெட்டியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. அங்கே உறுதியை விரும்பியவருக்கு எழுதலாம்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையைத் துப்பினார்.

"அது சரி தம்பி, நாளைக்கு எங்கட பொடியனும் பெரிய முதலாளி ஆகினா?"

பொடியன் கட்டாரில் சாரம் கட்டுகிறான்.

வரி வேண்டாம் என்று மகஜர் எழுதித் தரச்சொல்லிக் கையோடு கடதாசியும் கொண்டுவந்திருந்தார். எழுதிக் கொடுத்தேன். பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் போட்டார். 'காணி உறுதி இலக்கம்' என்ற இடம் வந்ததும் பேனாவைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கோடு இழுத்தார்.