நெய்தல் நிலத்துச் சார்ஜர் வயர்: ஓர் ஆய்வு முன்னுரை

நெய்தல் திணைக்குக் கருப்பொருள் உப்பு, உரிப்பொருள் இரங்கல். இரங்குவது யார் என்பதில் உரையாசிரியர்கள் இதுவரை தலைவியைத் தாண்டிப் போனதில்லை. உப்பள ஊரான மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் செல்போன் கடை ஏதாவதொன்றின் வாசலில் சற்று நேரம் நின்றிருந்தால் அவர்கள் கருத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். “அண்ணே, சி டைப் வயருதான். சொருகுனா ஏறவே மாட்டேங்குது!” இந்த இரங்கலே இவ்வாய்வின் பொருள்.

முதலில் குலவரலாறு. நோக்கியா சின்ன பின் காலம் போய், 5 முனைகள் கொண்ட மைக்ரோ வந்தது. 2012இல் ஆப்பிள் 8 முனைகளோடு லைட்னிங் என்று தனிக்குடித்தனம் போனது. 2014இல் 24 முனைகளோடு சி டைப் பிறந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் சொருகும் என்பது அதன் பெருமை. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு அதற்குத் தரநிலை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐபோன் 15 வழியாக ஆப்பிளும் வழிக்கு வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்கு அது கட்டாயம்.

துளை ஒன்றானது. துன்பம் ஒன்றாகவில்லை.

விடியுமுன் உப்புப் பாத்தியில் இறங்குகிறவர் தலையில் மாட்டும் மலிவு டார்ச்சை எடுத்துக்கொள்வோம். அதிலும் சி டைப் துளைதான். ஆனால் புதுப் போனின் சார்ஜரில், இரு முனையும் சி ஆன வயரில் மாட்டினால் விளக்கு சிமிட்டக்கூட மாட்டாது. காரணம், இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடைகள் அதில் இல்லாதது. சி டைப் சார்ஜர் எதிரே ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கும். “இருக்கிறேன்” என்று பதில் சொல்வது அந்த மின்தடைகள். மலிவுப் பொருள் செய்பவர்கள் அவற்றை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். பழைய செவ்வகத் துளை சார்ஜரோ விசாரணையே இல்லாமல் 5 வோல்ட்டை அள்ளிக் கொடுக்கும். பழசைத் தூக்கிப் போட்டவர் டார்ச்சை இழந்தார்.

வேகச் சார்ஜ் விவகாரம் தனி நூலுக்குரியது. பல கம்பெனிகளுக்குத் தனித்தனிப் பாஷை. வேற்று வீட்டுச் சார்ஜரில் போட்டால் பல நேரம் ஆமை வேகம்தான். தப்பான வயர் இதைவிடக் கொடியது. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் சி டைப் வயர்களை வாங்கிச் சோதித்து வந்தார்; 2016இல் உள்ளே கம்பிகள் மாறியிருந்த ஒரு வயர் அவர் லேப்டாப்பையே காவு வாங்கியது. பரிசோதனையில் உயிரிழந்த கருவிக்கு நடுகல் எடுக்காதது நம் துறையின் குறை.

இனி உப்பு. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். உப்பளத்து உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோரக் காற்று அந்த அளவுக்குக் காய்வது அரிது. ஆகவே வயர் நுனியில் படியும் வெள்ளைத் தூசி தூசியல்ல, மின்சாரம் பாயும் உப்புநீர்ப் படலம். சுவரில் ஸ்விட்ச் போட்டபடியே பழைய சார்ஜரின் வயர் தொங்கினால் அதன் முனையில் 5 வோல்ட் ஓயாமல் நிற்கும். மின்னாற்பகுப்பு தொடங்கி நேர்முனை உலோகம் கரைந்து கறுக்கும். இரு பக்கமும் சி ஆன வயரில் போன் மாட்டும்வரை மின்சாரமே வராது. விசாரணை செய்யும் சார்ஜரைத் திட்டினோமே, இங்கே அதுதான் புத்திசாலி.

ஈரம் போனுக்குள் போய்விட்டால் பல புதுப் போன்கள் எச்சரிக்கை காட்டிச் சார்ஜை மறுக்கின்றன. உடனே அரிசி டப்பாவில் புதைக்கும் சடங்கு நடக்கிறது. வேண்டாம் என்கிறது ஆப்பிள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்குமாம். துளை கீழ்நோக்க லேசாகத் தட்டி, காற்றோட்டத்தில் வைக்க வேண்டும்.

மரக்காணத்து வாசகர்களுக்கு ஆய்வாளரின் பரிந்துரை இது: டார்ச்சுக்காகப் பழைய சார்ஜரைப் பத்திரப்படுத்துங்கள். போனைக் கழற்றிய கையோடு ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள்.