சரிங்க சிஸ்டர்

என் ஓய்வு என்னைக் கண்டு இரண்டு முறை ஓடியது. 2020 ஜூனில் எனக்கு 58 முடிய வேண்டும். வார்டில் வழியனுப்பு விழாவுக்குக் காசு பிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். மே மாதம் அரசாணை வந்தது, ஓய்வு வயது இனி 59 என்று. பிரித்த காசு என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை. ஒரு வருஷம்தானே என்று பி.பி.இ. உடைக்குள் புகுந்தேன். அந்த ஒரு வருஷம் முடிவதற்குள், 2021 பிப்ரவரியில், 59ம் 60 ஆகிவிட்டது. ஆக, 1987இல் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தவள் 2022 ஜூன் 30ஆம் தேதிதான் வெளியே வந்தேன். கையில் ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு சால்வை, மனதில் ஒரு சபதம்: இனிச் செத்தாலும் இருட்டோடு எழுந்திருப்பதில்லை.

இப்போது தினமும் இரண்டரை மணிக்கு அலாரம் வைக்கிறேன்.

எல்லாம் வைட்டமின் டி பண்ணிய வேலை. ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் முழங்கால் பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். முப்பதாவது இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. "சிஸ்டர், நீங்க மதுரையிலதான இருக்கீங்க?" என்றார். நியாயமான சந்தேகம். சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டும் ஊரில், 35 வருஷமாக நான் கண்ட வெயில் பஸ் நிறுத்தத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவே கண்டதுதான். அதையும் குடை பிடித்துத் தடுத்திருந்தேன். வாரம் ஒரு பொட்டலம், 60,000 யூனிட், எட்டு வாரம். "அப்புறம் வெயில்ல நில்லுங்க."

வெயிலில் சும்மா எப்படி நிற்பது? பத்து நிமிஷம் மொட்டைமாடியில் நின்றால் எதிர்வீட்டிலிருந்து, "என்னக்கா, வீட்ல ஏதும் சண்டையா?" என்று கேட்கிறார்கள். கையில் ஒரு வேலை இருந்தால்தான் இந்த ஊரில் வெயிலில் நிற்க முடியும்.

வெளிவேலை தேடுகிறேன் என்றேன். ஆளாளுக்கு உள்வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் நைட் சூப்பர்வைசர். நர்சிங் காலேஜில் டியூட்டர், "ஏ.சி. ரூம் சிஸ்டர், வெயிலே படாது." படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் பகலில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார், சம்பளம் பற்றிப் பேச்சே எடுக்காமல். நானாகப் போய் ஒரு செடி நர்சரியில் கேட்டேன். நர்ஸுக்கு நர்சரி பொருத்தம்தானே என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். முதலாளி சிரிக்கவில்லை. "மண் மூட்டை தூக்குவீங்களா?" என்றார். நூறு நாள் வேலைக்கு அட்டை போடலாமா என்று யோசித்தபோது மகன் போனில் கத்தினான்: "அம்மா, பென்ஷன் வாங்குறவ நூறு நாள் வேலைக்குப் போனா பேப்பர்ல போட்டுருவாய்ங்க. காசு வேணும்னா எங்கிட்டக் கேளு!"

கடைசியில் வேலை கிடைத்தது அம்மா ஊரில். திருமங்கலத்துக்குத் தெற்கே, பஸ் ஒரு மணிக்கு ஒருதரம் வரும் ஊர். கணவர் போன பிறகு மதுரை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேதான் இருக்கிறேன். சுற்றிலும் மல்லிகை. தங்கச்சிமடத்துப் பதியம் வாங்கி வந்து நட்ட தோட்டங்கள். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. எடுக்கிற கைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. நவம்பர் கடைசியில் கவாத்து வெட்டினால் மாசி பங்குனியில் பூக்கத் தொடங்கும். 2023 பங்குனியில் நானும் போய்ச் சேர்ந்தேன், ஆள் கூட்டிப் போகும் அக்காவிடம். அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயதாவது மூப்பு. மேலும் கீழும் பார்த்தாள். "ஏத்தா நர்சம்மா, பொழுதுபோகலைன்னா சீரியல் பாரு" என்றாள். நான் நகரவில்லை. "சரி, மூணு மணிக்கு வந்து நில்லு" என்றாள். பகல் மூன்று என்றுதான் நினைத்தேன்.

மொட்டு விரிவதற்குள் எடுத்து, எடை போட்டு, குட்டியானையில் ஏற்றி, காலையிலேயே மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போயாக வேண்டும். பூவுக்காக யாரும் வெயில்வரை காத்திருக்க மாட்டார்கள். எட்டு எட்டரைக்கு வேலை முடிந்துவிடும். டாக்டர் சொன்ன வெயில் பத்து மணிக்கு மேல்தான் வரும். வெயிலைத் தேடிப் போனவள் இன்னொரு நைட் டியூட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இருட்டில் எடுக்க நெற்றியில் ஒரு பேட்டரி விளக்கைக் கட்டிக்கொள்கிறோம். படிக்கிற காலத்தில் வெள்ளைத் தொப்பியோடு வரிசையாக நின்று, கையில் விளக்கேந்தி, நைட்டிங்கேல் பெயரால் உறுதிமொழி எடுத்தவள் நான். விளக்கு கையிலிருந்து தலைக்கு ஏற இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. டியூட்டியில் தலையில் பூ வைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். இப்போது சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் பூ வைக்காதவர்கள். நானும்தான்.

முதல் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நரம்பே தெரியாத பச்சைக்குழந்தைக்கு முதல் குத்திலேயே ஊசி ஏற்றிய கை இது. மொட்டு கிள்ள எவ்வளவு நேரமாகும் என்ற திமிரோடு போனேன். அனுபவப்பட்டவர்கள் விடிவதற்குள் மூன்று, நான்கு கிலோ எடுத்தார்கள். மடிப்பையைத் தராசில் வைத்தபோது எனக்கு 600 கிராம். எங்கள் பிரசவ வார்டாக இருந்தால் அந்த எடைக்கு இன்குபேட்டர் தேடி ஓடியிருப்போம். கூலி ஐம்பது ரூபாய் தேறவில்லை. பிறகு ஒருநாள் ஆர்வக்கோளாறில் நூறு கிராமை எண்ணிப் பார்த்தேன். நானூறு மொட்டுக்கு மேல் இருந்தது. ஒரு கிலோவுக்கு நாலாயிரம் தடவை கிள்ள வேண்டும். இதைச் சந்தையில் பேரம் பேசுகிறவர்களிடம் சொல்லிப் பயனில்லை. சித்திரையில் பூ கொட்டும், விலை விழும். தை பிறக்கும் முன் பனியில் செடி அடங்கிவிடும், கிலோ ஆயிரங்களில் ஏறும். எடுக்கப் பூ இருக்கும் நாளில் விலை இல்லை, விலை இருக்கும் நாளில் எங்களுக்கு வேலை இல்லை.

கிள்ளுவதுகூடக் கைப்பழக்கம். கண்ணுக்குத்தான் பாடு. அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டு எது, மறுநாளைக்கானது எது என்று அந்த நெற்றி வெளிச்சத்தில் பிரித்தறிய வேண்டும். பிரசவ வார்டில் நான் இதில் கில்லாடி. வலி என்று வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்ததுமே "இன்னும் நேரமிருக்கு, நடந்துட்டு வா" என்பேன், பெரும்பாலும் தப்பியதில்லை. இங்கே முதல் வாரம் முழுக்கத் தப்பியது. பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "ஏத்தா, அது நாளைக்குப் பூவு! இன்னைக்கே ஏன் கருவக் கலைக்கிற?"

பிரசவ வார்டில் நான் அதட்டியிருக்கிறேன். எல்லோரும் அதட்டினார்கள், நானும் அதட்டினேன் என்று சொன்னால் கொஞ்சம் லேசாக இருக்கும். ஆனால் என் குரல் மற்றவர்களைவிடப் பெரியது. "கத்தாத! அப்பத் தெரியலையா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். வலியில் கிடக்கிறவளிடம் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய் ஏட்டில் நேரம் குறித்திருக்கிறேன். இப்போது அறுபதைத் தாண்டிய வயதில், நாலு பேர் முன்னால், ஒரு மொட்டுக்காக அதட்டு வாங்கும்போது காது சூடாகிறது. பக்கத்துச் சாலில் ஒருத்தி களுக்கென்று சிரிக்கிறாள். எங்கே பிரசவம் பார்த்தாய் என்று இதுவரை அவளிடம் கேட்கவில்லை. கேட்கப்போவதுமில்லை.

நம் பாஷையில் மருந்து என்று ஒரு சொல் இருக்கிறது. ஓ.பி.யில் "மருந்து குடிச்சியா?" என்று கேட்டால், குடிக்கவில்லை என்பவளுக்குத் திட்டு. அவசரப் பிரிவில் அதே கேள்விக்கு, குடித்தேன் என்பவளுக்குக் குழாய் விட வேண்டும். ஒரே நாளில், ஒரே வராந்தாவில், இரண்டையும் கேட்டிருக்கிறேன். கண்ணில் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடக்கும், அட்ரோபினை ஏற்றிக்கொண்டே கூட வந்தவரிடம், "என்ன மருந்து? டப்பா எங்க?" என்போம். இப்போது அந்த டப்பாக்கள் வரப்போரத்தில் கிடக்கின்றன. மொட்டுப்புழுவுக்கு ஒன்று, செஞ்சிலந்திக்கு ஒன்று. முந்தின நாள் மருந்தடித்த தோட்டம் என்றால் இறங்கும்போதே மூக்கு சொல்லிவிடும். கையுறை போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். மொட்டு நழுவுகிறது. அரை கிலோகூடத் தேறாது. கழற்றிவிட்டேன். "கையுறை இல்லாம எதையும் தொடக் கூடாது" என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்தவள்.

மருந்துகளில் ஒன்றை மட்டும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டேன். மல்லிகை இலை மஞ்சளடித்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளிக்க வேண்டும். அன்னபேதி என்றால் வேறொன்றுமில்லை, இரும்பு சல்பேட். கர்ப்பிணிகளுக்குக் கைநிறைய அள்ளிக் கொடுத்த சிவப்பு மாத்திரையில் இருந்த அதே சரக்கு. எத்தனையோ பேர் அதை ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுப் புளியமரத்தடியிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். குமட்டுதாம், வெளிக்குக் கறுப்பாகப் போகுதாம். செடி ஒன்றும் சொல்வதில்லை. தோட்டக்காரரும் தேதி தவறாமல் தெளிக்கிறார். தெளிக்கிறவரின் மனைவி எங்களோடுதான் பூ எடுக்கிறாள். பழக்கதோஷத்தில் ஒருநாள் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். எடுத்த மொட்டுபோல் வெளுத்திருந்தது.

பாம்பு பற்றிச் சுருக்கமாக. "இருட்டுல எதுக்கும்மா செடிக்குள்ள கைய விட்ட?" என்பது அவசரப் பிரிவில் நான் வழக்கமாகக் கேட்ட கேள்வி. கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து வைத்து, உறைகிறதா என்று 20 நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்க வேறொன்றும் இருக்காது. இப்போது தினமும் இருட்டில் செடிக்குள் கையை விடுகிறேன். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஆஸ்பத்திரியில் இருக்கும் என்று தெரிந்திருப்பதில் தைரியம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பத்தும் உடம்பில் ஏறும்போது என்னவெல்லாம் ஆகலாம் என்பதும் தெரியுமே.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நான் சொல்ல வந்ததே. நீர்க்கடுப்பு என்று வரும் பெண்களிடம் 35 வருஷம் ஒரே பாட்டு: "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். ஏன் குடிக்க மாட்டேங்கிற?" அவர்களும் ஒரே பதில் சொன்னார்கள்: "மறந்துருதுங்க சிஸ்டர்." இனிக் குடி என்றால் "சரிங்க சிஸ்டர்." அடுத்த மாதம் அதே நீர்க்கடுப்போடு திரும்பி வருவார்கள். படிப்பறிவு இல்லாத ஜனம் என்று டீ குடிக்கும்போது நாங்கள் பேசிக்கொள்வோம்.

முதல் நாள் நான் நர்ஸாகத்தான் போனேன். ஒரு லிட்டர் பாட்டிலை நாலு மணிக்குள் காலி செய்தேன். யாரும் குடிக்கவில்லை, நான் நீட்டியபோது அக்கா வெறுமனே வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். ஆறு மணிக்கு விடிந்தது. மல்லிகைச் செடி இடுப்பு உயரம்கூட வராது. ஒரு பக்கம் தார் ரோடு, இன்னொரு பக்கம் தண்ணீர் பாய்ச்சும் ஆண்கள், கண்ணுக்கு எட்டியவரை ஒளிய ஒரு பனைமரம் இல்லை. அந்த இரண்டரை மணி நேரத்தை நான் விவரிக்கப்போவதில்லை. அக்கா என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "நாளைலருந்து ராத்திரியே தண்ணிய நிறுத்திரு" என்றாள். எனக்கு வாழ்க்கையில் யாரும் இவ்வளவு தெளிவாக மருத்துவ ஆலோசனை சொன்னதில்லை. நிறுத்திவிட்டேன். ஒருத்தியும் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு ஆம்பிளை டாக்டர், இரண்டு ஹவுஸ் சர்ஜன், வரிசையில் நாற்பது பேர், நடுவில் முறைத்துக்கொண்டு நான். அந்தக் கூட்டத்தில் வேறு என்ன சொல்லியிருப்பார்கள்?

போன மாதம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலிருந்து ஒரு பெண் தோட்டத்துக்கே வந்தாள். எனக்கும் இப்போது பிரஷர் மாத்திரை உண்டு. சின்னப் பெண், கையில் பி.பி. கருவி, தோளில் பை. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது; அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கருவியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். என் கையைத் திருப்பி, விரலிடுக்கில் தோல் உரிந்திருப்பதையும் பார்த்தாள். கவனமான பெண்தான்.

"கையுறை போட்டுக்கலாம்லம்மா? தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா?"

"மறந்துருதுங்க சிஸ்டர்."

"காலையில சாப்பிட்டுட்டுத்தான மாத்திரை போடுறீங்க?"

மணி எட்டு. இரண்டரை மணியிலிருந்து வாயில் ஒன்றும் படவில்லை. "ஆமாங்க சிஸ்டர்" என்றேன்.

"இனிமே ஒழுங்கா நேரத்துக்குப் போடணும். இந்த வயசுல வெயில்ல ரொம்ப நிக்காதீங்க, என்ன?"

"சரிங்க சிஸ்டர்."

அட்டையை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேன். அவள் வரப்பு தாண்டிப் போகும்வரை பேசாமல் நின்ற அக்கா, "நல்லாத் தேறிட்டத்தா" என்று சொல்லிவிட்டு என் மடிப்பையை வாங்கித் தராசில் வைத்தாள். இரண்டு கிலோ நூறு. பிரசவ வார்டுக் கணக்கில், சரியான எடைக்கு இன்னும் 400 கிராம் குறைச்சல்.