ஒரிஜினலா, பியூரா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நாக்கு மட்டும் போதாது, ஆங்கில அகராதியும் வேண்டும். ஒரு கடைப் பலகையில் ‘ஒரிஜினல்’, அடுத்ததில் ‘பியூர்’, எதிர்சாரியில் ‘ஸ்பெஷல்’. “என்ன அண்ணாச்சி வித்தியாசம்?” என்று கேட்டுப் பாருங்கள். “எல்லாம் பாலும் சீனியும்தான். எத்தனை கிலோ போடட்டும்?” என்பார். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது ஊர்ப் பெயருக்குத்தான். முன்னால் ஒட்டிக்கொண்ட அடைமொழிகளுக்கு அல்ல.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் கதை வேறு. அங்கே தறிகளில் ஓடுவது ஆஸ்பத்திரித் துணி. நாம் எல்லாவற்றையும் ‘பேண்டேஜ்’ என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய்விடுவோம். தறிக்காரர் விடமாட்டார்: காயத்தின் மேல் மடித்து வைப்பது ‘காஸ்’, அதைப் பிடித்து நிறுத்தச் சுற்றுவது ‘பேண்டேஜ்’. மாற்றி அனுப்பினால் சரக்கு திரும்பி வந்துவிடும் இல்லையா? பால்கோவாவுக்கு அந்தப் பயமே கிடையாது. அது பஸ் ஊரைத் தாண்டுமுன் தீர்ந்துவிடும்.

ஆகவே, ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் சத்திரப்பட்டிக்குப் போங்கள். கோவா வாங்குவதானால் பலகையைப் படிக்காதீர்கள். ஒரு விள்ளல் கேட்டு வாங்கி வாயில் போட்டுப் பாருங்கள்.