கேஸ் கம்மியா இருக்கு, சார்!

எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது 2016 சித்திரையில். அதுவரை மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, சூடு தணிந்ததும் பாய் விரித்துப் படுத்த குடும்பம். வாங்குவது என்று முடிவானதும் அப்பா கேட்டார்: "எத்தனை டன்?"

"ஒன்றரை டன்ப்பா."

எழுந்துபோய்ப் படுக்கையறைச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "செங்கல்தான். ஆனா ஒன்றரை டன் தாங்குமாடா?"

சிரித்தேனே தவிர, அந்த டன் என்ன டன் என்று எனக்கும் தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அதே அளவு சூட்டை ஒரு நாளில் அறையிலிருந்து வெளியேற்றினால் அது ஒரு டன் ஏசி. ஐஸ் கட்டி விற்ற காலத்துக் கணக்கு. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-இல் எதற்குக் கட்டப்பட்டது? பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் அனுப்பிய ஐஸைச் சேர்த்துவைக்கத்தான். இப்போது வேளச்சேரியில் என் படுக்கையறைக்கு, ராப்பகலாக ஓட்டினால், தினம் ஒன்றரை டன் ஐஸ் வந்து இறங்குகிறது. மரத்தூள்கூட இல்லாமல்.

ஸ்டாண்டு தனி, கூடுதல் செம்பு பைப் தனி, ஸ்டெபிலைசர் தனி என்று கடைக்காரர் பில்லை நீட்டினார். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக்கூடாது என்று கொடுத்தேன். முதல் வருடம் சொர்க்கம். போர்வையைத் தேடி எடுத்துப் போர்த்திக்கொண்டு, "குளிருதுல்ல?" என்று ஒருவரை ஒருவர் பெருமையாகக் கேட்டுக்கொண்டோம்.

அடுத்த வருடம் அக்னி நட்சத்திரத்தில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. மெக்கானிக் வந்தார். இன்டோரை நிமிர்ந்து பார்த்தார், அவுட்டோரை எட்டிப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். "கேஸ் கம்மியா இருக்கு, சார்."

நாடி பிடிக்காமலே நோயைச் சொன்ன வைத்தியர். 2,500 ரூபாய். மாடிக்குப் போய் ஏதோ பாட்டிலை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இருந்தார். ஜெட் பம்பால் தண்ணீர் அடித்துவிட்டும் போனார். குளிர்ந்தது. அதற்கடுத்த வருடம் வேறொருவர். அவருக்கும் அதே முகபாவம், அதே வசனம். தலைவலி என்று போனாலும் கால்வலி என்று போனாலும் ஒரே மாத்திரை கொடுப்பதுபோல, ஏசி சத்தம் போட்டாலும், நாற்றம் அடித்தாலும், ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் கேஸ் கம்மி. அப்பாவுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. "அடுப்பு கேஸே நாப்பது நாள்தான் வருது. இது வருஷம் பூரா வந்திருக்கே" என்று கம்பெனியைப் பாராட்டினார்.

2019 ஜூன் சென்னைக்காரர்களுக்கு மறக்காது. ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு தவம் கிடந்த மாதம். அந்த ஊரில், அந்த மாதத்தில், எங்கள் வீட்டில் மட்டும் சுவரிலிருந்து தண்ணீர் கொட்டியது. நள்ளிரவில் என் நெற்றியில் முதல் சொட்டு விழுந்தபோது மழைதான் என்று எழுந்து உட்கார்ந்தேன். மழை இல்லை, ஏசி. மனைவி பதறவில்லை. கட்டிலை நகர்த்திவிட்டு வாளியை வைத்தாள். விடியும்போது முக்கால் வாளி நிறைந்திருந்தது. "என்னங்க, ரிப்பேருக்கு யாரையும் கூப்பிடாதீங்க. லாரி வர்ற வரைக்கும் இது ஓடட்டும்" என்றாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுத் தரையை ஏசித் தண்ணீரில்தான் துடைத்தோம்.

அறையின் ஈரப்பதம்தான் குளிர்ந்த காயிலில் பட்டுத் தண்ணீராகிறது. சென்னைக் காற்றில் அதற்குப் பஞ்சமே கிடையாது. வில்லிஸ் கேரியர் 1902-இல் முதல் ஏசியை வடிவமைத்ததே ஈரத்தை அடக்கத்தான். அதுவும் மனிதனுக்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் ஊதிச் சுருங்கி வண்ணங்கள் விலகி அச்சாயினவாம். அதற்காக. காகிதத்துக்குக் கிடைத்த பிறகுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்குள்ளும் ஒரு மெக்கானிக் இருக்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமை நிரூபிக்கப் பார்த்தேன். தண்ணீர் வெளியே போகும் பைப் அடைத்திருக்கும், ஊதினால் போதும் என்று யாரோ சொன்னார்கள். பால்கனியில் மண்டியிட்டு, பைப்பின் நுனியை வாயில் வைத்து, சங்கு ஊதுவதுபோல் மூச்சைக் கட்டி ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. வாயை எடுத்தேன். அப்போது வந்தது, பாகற்காய்ச் சாறு நிறத்தில், பாசி பிடித்த கொழகொழப்பாக, ஒரு வருடக் கழிவு. பாதி சட்டையில், மீதி கீழ்வீட்டு முற்றத்தில். கீழ்வீட்டு மாமி அங்கே வடாம் காயவைத்திருந்தார். ஏசிக்கும் வடாமுக்கும் சீசன் ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. "உங்காத்து ஏசி எங்காத்து வடாமுக்கு அபிஷேகம் பண்றது, சார்" என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கைகூப்பிக்கொண்டு சொன்னார்.

அடைப்பு போயும் சொட்டுவது நிற்கவில்லை, குளிரும் இல்லை. மூன்றாவதாக ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதிருக்கும். உதவிக்குக்கூட ஆள் இல்லை, தோளில் ஒரு துணிப்பை. நானே முந்திக்கொண்டு, "கேஸ் கம்மிதானே?" என்றேன். பதில் சொல்லாமல் ஸ்டூலில் ஏறினார். முன்மூடியைத் தூக்கி, வலைபோட்ட ஒரு பிளாஸ்டிக் சட்டத்தை உருவி, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் இந்தப் பக்கம் வரவில்லை.

"சார், இது பில்டரா, போர்வையா?"

சாம்பல் நிறத்தில், தலைமுடியும் பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளமாக நெய்திருந்தது. நகத்தால் நெம்பினால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. உள்ளே காயிலில் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது.

"மூக்கை அடைச்சா மூச்சு எப்படி விடும்? காத்துப் போகாம காயில் உறைஞ்சு ஐஸ் ஆவுது. ஆஃப் பண்ணினா உருகி உங்க மேல சொட்டுது. ரெண்டு வியாதியும் ஒண்ணுதான்."

"ஐஸ் கட்டினால் கேஸ் கம்மி என்றார்களே?"

"அதுவும் ஒரு காரணம்தான், சார். ஆனா பார்த்துட்டுல்ல சொல்லணும்?" ஐஸ் முழுக்கக் கரையும்வரை காத்திருந்து, பில்டரைக் கழுவி மாட்டி, ஏசியை ஓடவிட்டுவிட்டு அவுட்டோருக்குப் போனார். மீட்டரை மாட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கேஸ் சரியாக இருந்தது. செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் கேஸ், அடுப்பு கேஸைப் போல எரிந்து தீர்வதில்லையாம். எங்காவது கசிந்தால்தான் குறையுமாம். கசிந்தால் சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டுத்தான் நிரப்பவேண்டும். "இல்லாட்டி ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தின கதை. உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கு எத்தனை தடவை கேஸ் போட்டீங்க?"

யோசித்தேன். 18 வருடம் ஓடிய ஃபிரிட்ஜ். ஒருமுறைகூட இல்லை.

"அப்ப ரெண்டு வருஷமா நான் கொடுத்த பணம்?"

பெரியவர் சக தொழிலாளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி, "பாட்டிலை வெயில்ல காட்டி எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றார். எங்களிடம் 400 ரூபாய்தான் வாங்கினார்.

அடுத்த கோடையில் வேறு சிக்கல். அவுட்டோருக்கும் சுவருக்கும் நடுவே ஈர்க்குச்சியும் கம்பித் துண்டுகளுமாக ஒரு புறா கூடு கட்டி, இரண்டு முட்டை வைத்திருந்தது. அம்மா ரிமோட்டைப் பறித்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "பச்சை உடம்புக்காரிடா. சூட்டுக் காத்தும் சத்தமுமா இருந்தா எப்படி அடைகாக்கும்?" குஞ்சு பொரித்துப் பறக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. மொட்டை மாடியில் மறுபடி தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தோம். 38,000 ரூபாய் ஏசியைப் புறாவுக்குப் பிரசவ விடுதியாக விட்ட குடும்பம் தெருவிலேயே நாங்கள்தான். கடைசிக் குஞ்சு பறந்த மறுநாளே கம்பிவலை அடித்துவிட்டேன்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு பில்டர் என் பொறுப்பு. குழாயடியில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க ஐந்து நிமிடம் ஆகிறது. வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்பதால் நிழலில்தான் உலர்த்துகிறேன். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் கீழே இருந்து கேட்பார்: "கேஸ் பார்த்தியாடா?" 2019-க்குப் பிறகு ஒரு தடவைகூட நிரப்பவில்லை என்று சொன்னால் நம்புவதில்லை. நான்தான் அவருக்குத் தெரியாமல் காசு கொடுக்கிறேன் என்று நினைக்கிறார்.

உங்கள் வீட்டு ஏசி குளிரவில்லையென்றால் போனை எடுக்குமுன் ஸ்டூலை எடுங்கள். பில்டரை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதன் பிறகும் யாராவது வந்து கேஸ் கம்மி என்றால், மீட்டரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கீழ்வீட்டில் வடாம் காய்கிறதா என்பதையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.