பெட்டி ரசிகர்

ஒரே பாட்டைத் தம் ஆயுளில் ஐந்து முறை விலை கொடுத்து வாங்குகிற மனிதரைப் பைத்தியம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போவது சுலபமான காரியந்தான்; ஆனால் அந்த மனிதர் கணக்கு வழக்குகளில் நெடுங்காலம் பழகி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து கௌரவமாக ஓய்வு பெற்று, கால் கிலோ கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாயாவது குறைத்துப் பேசாமல் கடையில் பையை நீட்டாதவராகவும் இருந்துவிட்டால், விஷயம் சற்று நின்று யோசிக்கத் தக்கதாகிவிடுகிறது. இத்தகைய பிரகிருதிகள் லண்டனிலும் டோக்கியோவிலும் ஏராளம்; சென்னையிலும் தேடினால் அகப்படுவார்கள். ஆயினும், மரக்காணத்து உப்பளங்களின் பக்கமிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டிருக்கும் வானூர் வட்டாரத்தில், ஒருபுறம் சவுக்கும் மறுபுறம் முந்திரியும் செழித்த செம்மண் பூமியில், அவரைத் தரிசிப்பதில் ஒரு தனி ரசம் இருக்கிறது. அவருக்குப் பெட்டி ரசிகர் என்று பெயர் சூட்டுவோம்.

பெட்டி என்றால் ஆர்மோனியப் பெட்டி அல்ல. 1960-களின் கடைசியிலும் அடுத்த பத்தாண்டிலும் இங்கிலாந்தில் சில வாலிபர்கள் மூன்று நிமிஷப் பாட்டு அற்பமானது என்று தீர்மானித்து, ஒரு முழு இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே ஒரு பாட்டாக நீட்டி, புல்லாங்குழலும் ஆர்கனும் மின்சாரக் கிதாருமாக ஒரு மகா சங்கீதத்தைச் சமைத்தார்கள்; அதற்குப் 'புரோகிரசிவ் ராக்' என்று பெயர். ஜெத்ரோ டல் என்ற கோஷ்டியார் 1972-இல் வெளியிட்ட 'திக் ஆஸ் எ பிரிக்' என்னும் தட்டில் இருப்பது ஒரே ஒரு பாட்டுத்தான். நாற்பது நிமிஷத்துக்கு மேற்பட்ட அது பாதியில் நிற்பது, தட்டைத் திருப்பிப் போடவேண்டிய அவசியத்தினாலேயன்றி வேறொன்றினாலும் அல்ல. அந்தத் தட்டுகளையெல்லாம் இப்போது புனருத்தாரணம் செய்து, கனத்த அட்டைப் பெட்டிகளில், படங்களும் புத்தகங்களும் பத்துப் பதினைந்து குறுந்தகடுகளுமாக அடுக்கி, கல்யாணப் பட்டுப்புடவை விலைக்கு விற்கிறார்கள். நமது ரசிகருடைய அலமாரியில் வேட்டி சட்டைகளுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஓர் அடுக்கு, மீதியெல்லாம் பெட்டி.

வானூருக்கும் இந்த வஸ்துவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஆரோவில்லை மறந்துவிட்டவர்கள். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி, 124 தேசங்களின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கப்பட்ட அந்நகரின் பெரும்பகுதி வானூர் தாலுகாவின் எல்லைக்குள்தான் இருக்கிறது. வறண்டு வெடித்துக் கிடந்த செம்மண் மேட்டில் குழி தோண்டி மரக்கன்று நட வந்த வெள்ளைக்கார வாலிபர்களில் ஒருவர், கீற்றுக் குடிசையின் வாசலில் ஒரு டேப்ரிக்கார்டரை வைத்துவிட்டு மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்ததாகவும், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சைக்கிளில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த தாம் அந்த நாதத்தைக் கேட்டு முந்திரிமரத்தடியில் நின்றவர் நின்றபடியே நின்றுவிட்டதாகவும் நமது ரசிகர் சொல்லுவார். அன்று டேப் நனைந்திருந்தது; பாட்டரி தீர்ந்துகொண்டிருந்தது; பாட்டு இழுத்துக்கொண்டே ஓடிற்று. அந்த நாதத்தை மறுபடியும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவர் நாற்பது சொச்சம் வருஷமாகப் பெட்டி பெட்டியாக வாங்குகிறார். பெட்டிகள் வரவர நாதம் தெளிந்துகொண்டே போவதால், நனைந்த டேப்பின் அந்தக் கரகரப்பு அவருக்கு மேலும் மேலும் எட்டாததாகிக்கொண்டு வருகிறது என்பதை எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இதுவரை வரவில்லை.

கிங் கிரிம்சன் கோஷ்டியின் முதல் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் வந்தது. 1989-இல் குறுந்தகடாக ஒரு புதுப் பதிப்பு வந்தது. தொலைந்துபோனதாக நினைத்த மூல நாடா பிற்பாடு ஒரு கிடங்கில் அகப்பட்டுவிட்டதென்று 2004-இல் இன்னொன்று. ஸ்டீவன் வில்சன் என்னும் வாத்தியக்காரர் ஒலிகளைப் பிரித்துப் புதிதாகக் கலந்தாரென்று 2009-இல் வேறொன்று. ஐம்பதாவது ஆண்டு நிறைவு என்று 2019-இல் மற்றொன்று. நமது ரசிகரிடம் இவ்வளவும் உண்டு. இவையெல்லாம் ஒன்றுதானே என்று அறியாத்தனமாகக் கேட்கும் விருந்தாளிக்கு அவர் செய்யும் உபந்நியாசம் காப்பி ஆறி ஏடு படியும்வரை நீளும். அதன் சாரம் இவ்வளவுதான்: ரீமாஸ்டர் என்பது முன்பே கலந்து முடித்த நாடாவை எடுத்து மந்திரத்தையும் தாரத்தையும் சீர்செய்து இரைச்சலைக் களைவது, ரீமிக்ஸ் என்பது தாளம் தனி, குரல் தனி, கிதார் தனி என்று எட்டாகவோ பதினாறாகவோ பதிந்திருக்கும் ஆதி நாடாவுக்கே திரும்பிப் போவது. ஆறிப்போன சாம்பாரைச் சூடுபண்ணி உப்புப் பார்ப்பது முன்னது. அதிலிருந்து முருங்கைக்காயையும் பருப்பையும் புளியையும் பழையபடி பிரித்தெடுத்துவிட்டுப் புதிதாகக் கூட்டி இறக்குவது பின்னது. அடுப்பங்கரையில் ஆகாத இந்தக் காரியம் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆகிவிடுகிறபடியால்தான் அவருடைய ஓய்வூதியம் கரைகிறது.

பெட்டி வந்து சேரும் நாளின் வைபவம் பார்க்கத் தக்கது. சுங்கக்காரர்கள் கத்தி போட்ட காயத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கைகால் கழுவி, மேஜைமேல் துவைத்த வேட்டி ஒன்றை விரித்து, சவரப் பிளேடால் மேலுறையை ஒரு விளிம்பில் மட்டும் நூல் பிசகாமல் கீறி, உறையின்மேல் ஒட்டியிருக்கும் விளம்பரச் சீட்டைக் கிழியாமல் பெயர்த்தெடுத்துப் பெட்டியின் உட்புறம் ஒட்டிய பிறகே மூடியைத் திறப்பார். உள்ளே முதலில் மூக்கை நுழைப்பார். அச்சு மையின் வாசனையில் எந்த தேசத்து அச்சு என்பது தமக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கொள்கை. பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலங்களை நாலு மூலைக்கும் வைப்பார். நமது கரையோரக் காற்று இரும்புத் திருகாணியையே ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும், அட்டை எம்மாத்திரம்?

பிங்க் பிளாய்ட் கோஷ்டியின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973-இல் வெளிவந்தது. 2011-இல் அதற்கொரு மகா பெட்டி வெளியிட்டபோது, தகடுகளுடன் கோலிக்குண்டுகளையும், ஒரு கழுத்துத்துணியையும், டம்ளர் வைக்கிற வட்ட அட்டைகளையும் சேர்த்து அடைத்து அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷ்காரனுடைய ஹாஸ்யமா வியாபார தந்திரமா என்று நிர்ணயிக்க முடியாத இந்த உபகரணங்கள் வானூர்க் குடும்பம் ஒன்றில் விளைவித்த கலகத்தை அவன் அறியான். கழுத்துத்துணி, அக்கினி நட்சத்திரத்தில் வந்து சேர்ந்தது. வீட்டு அம்மையார் வட்ட அட்டையின்மேல் ஆவி பறக்கும் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். டம்ளர் வைக்கத்தானே அது என்று அவர் கேட்டதற்கு நமது ரசிகரிடம் இன்றுவரை நியாயமான சமாதானம் கிடையாது. பேரப்பிள்ளையோ கோலிகளைத் தெருவுக்கு எடுத்துப்போய் ஒன்றைத் தோற்றுவிட்டான். தோற்ற கோலியை, ஜெயித்த பையனிடமிருந்து ஐம்பது ரூபாய்க்கு மீட்டுக்கொண்டு வந்தார் தாத்தா. அன்று மட்டும் பேரம் பேசவில்லை.

கேட்கும் முறையிலும் ஆசாரம் உண்டு. கூடத்தில் ஐந்து ஒலிபெருக்கிகள் ஐந்து திசையில் நிற்கின்றன; ஆறாவதாக ஓர் அடிநாதப் பெட்டி ஊஞ்சலுக்குப் பின்னால் உறுமுகிறது. இவற்றின் ஒலியனைத்தும் வந்து கூடும் ஸ்தானத்தில், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் நான்கு புள்ளி இட்டு, அப்புள்ளிகளின்மேல் கால் பிசகாமல் ஒரு மர நாற்காலியைப் போட்டிருக்கிறார். ஒருவர் மட்டுமே உட்காரலாம். அந்த ஒருவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. சுவரோரம் உட்காரும் விருந்தாளிக்கு வலது பின்புறத்து ஒலி மட்டும் கிட்டும். ஆகையால் அவர் பாட்டு பூராவும் கேட்பது ஒரு மணியோசையும் யாரோ எங்கேயோ சிரிப்பதுமே. முதல் தடவை அம்மையார் கதவோரம் நின்று நிதானமாகக் கேட்டுவிட்டு, "இன்னாங்க, யாருக்கோ நெஞ்சு அடிச்சுக்கற மாதிரி சத்தம் வருது, பாட்டு எப்ப வரும்?" என்றார். அந்த இதயத் துடிப்புத்தான் பிங்க் பிளாய்ட் தட்டின் கீர்த்தி பெற்ற ஆரம்பம். சற்று நேரத்தில் கடிகாரங்களெல்லாம் ஏககாலத்தில் அலறும் கட்டம் வந்தபோது, அடுத்த வீட்டுக்காரர் பாலுக்கு நேரமாகிவிட்டதென்று பாத்திரத்துடன் வெளியே வந்துவிட்டார்.

அவர் பாட்டைக் கேட்பதாக நீங்கள் நினைத்தால் அது பிரமை. அவர் கேட்பது வித்தியாசத்தை. "நாலாவது நிமிஷத்துல அந்தத் தாளத்தட்டு முன்னைக்கு இப்ப ஒரு சாண் இடதுபக்கம் தள்ளி விழுது, கவனிச்சீங்களா சார்?" என்பார். கவனித்தேன் என்று தலையசைப்பது நாகரிகம். 1990-களில் வந்த புனர்ப்பதிப்புகளைப் பற்றிப் பிரஸ்தாபம் எழுந்தாலோ அவர் முகம் கறுத்துவிடும். மெல்லிய ஒலியையும் வலிய ஒலியையும் ஒரே மட்டத்துக்கு உயர்த்தி எல்லாவற்றையும் கூச்சலாக்கிவிட்ட காலம் அது என்பது அவர் குற்றச்சாட்டு, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இப்போதைய உயர்ந்த பதிவுகளைப் பற்றி அவர் பரவசப்படும்போதுதான் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. விநாடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் முறை அளந்து பதிந்த அந்த ஒலி, நாற்பத்தெட்டாயிரம் அதிர்வுவரை ஏந்தி வருமாம். மனிதச் செவிக்கு எட்டுவது மிஞ்சிப்போனால் இருபதாயிரம். அறுபது வயதுக்குமேல் அதிலும் கணிசமான பங்கு குறைந்துவிடும். பெட்டியின் முழு விலைக்கும் ஏறக்குறைய முழுப் பலனை அடையத் தகுதி வாய்ந்த ஜீவன் அந்த வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் ஒன்றுதான்.

யெஸ் என்னும் கோஷ்டியின் 1973-ஆம் ஆண்டு இரட்டைத் தட்டிடம் அவருக்கு விசேஷ அபிமானம். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பு சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நம் சாஸ்திரங்களை நான்காக வகுத்துச் சொல்லுகிறது; அதைப் படித்த பாடகர் ஜான் ஆண்டர்சன், பக்கத்துக்கு ஒரு பாட்டாக நான்கு பக்கத்துக்கு விஸ்தரித்துவிட்டார். அடிக்குறிப்பை இவ்வளவு சிரத்தையாகப் படித்தவர் நம்மவர்களிலும் அபூர்வம். அந்தக் கோஷ்டியில் ஆர்கன் வாசித்த ரிக் வேக்மனுக்கு இந்தச் சாஸ்திர விசாரம் சலித்துவிட்டபடியால், மான்செஸ்டர் கச்சேரியின் நடுவே மேடைமேலேயே குழம்பு தருவித்துச் சாப்பிட்டுவிட்டார். சில மாதங்களில் கோஷ்டியைவிட்டும் போய்விட்டார். சாஸ்திரமும் நம்முடையது, குழம்பும் நம்முடையது. ஆகவே அந்தத் தட்டு முக்காலும் இந்தியச் சரக்கே என்பது நமது ரசிகரின் சித்தாந்தம்.

அவருக்கு ஒரு பிரதிவாதி உண்டு. திண்டிவனத்திலிருந்து மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து இறங்கும் அந்த நண்பர் இளையராஜா பக்தர். எக்கோ கம்பெனி இசைத்தட்டுகளைத் துணிப்பையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வருவார்.

"உங்க வெள்ளைக்காரன் பதினஞ்சு தகடு போட்டு ஒப்பேத்தறதை எங்காளு ஒரே தட்டுல முடிச்சிட்டாரு சார். எண்பத்தாறுல 'ஹௌ டு நேம் இட்?' தியாகராஜருக்கும் மேல்நாட்டு பாஹுக்கும் காணிக்கை. நரசிம்மன் வயலின் ஒண்ணு போதும்!"

"நான் இல்லேன்னு சொன்னனா சார்? அதுக்கும் மூல நாடாவுக்குப் போய்ப் பெட்டி போடட்டும். முதல் பெட்டி என்னுது. ரெண்டாவது வேணா உங்களுக்கு."

இந்தப் பதிலில்தான் மனிதருடைய மதிப்பு எனக்கு விளங்குகிறது. 1970-களிலும் அடுத்த பத்தாண்டிலும் செய்த ஒலிநாடாக்கள் பலவற்றில், காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து பாட்டும் போய்விடும். அவற்றை ஐம்பது டிகிரிக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் மணிக்கணக்காகப் பதமாக வாட்டியெடுத்து, பிசுபிசுப்பு மீளுவதற்குள் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிரமத்தையும் செலவையும் கம்பெனிகள் ஏற்றுக்கொள்ளுவது கலைப்பற்றினால் அன்று; ஐந்தாம் முறையும் வாங்குவதற்கு இப்படி ஓர் ஆசாமி காத்திருக்கிறார் என்ற தைரியத்தினால்தான். நம் ஊரில் பழைய தட்டுகள் எடைக்குப் போயின. சென்னை மூர் மார்க்கெட்டில் குவிந்துகிடந்தவற்றின் காலமும் 1985-ஆம் ஆண்டுத் தீயோடு முடிந்தது. வானூர் தாலுகாவிலேயே திருவக்கரையில் மரம் கல்லாகி இரண்டு கோடி வருஷமாகக் கெடாமல் கிடப்பதைச் சுட்டிக்காட்டி, "மரத்துக்கு இருக்கற ஆயுசு பாட்டுக்கு இருக்கக் கூடாதா சார்?" என்று அவர் கேட்கும்போது, கேலி செய்ய எனக்கு நா எழுவதில்லை.

அவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குமேல் போகலாம். அதற்கு முன் அவர் புதுச்சேரியில் காந்தி வீதிச் சந்தையில் பழைய தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். புள்ளியிட்ட நாற்காலியில் உட்காராதீர்கள். தட்டை விளிம்பில் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "அடிநாதம் நன்றாய் இறங்கியிருக்கிறது" என்று சொல்லிவந்தால் இரண்டாவது காப்பி நிச்சயம். பெட்டியின் விலையை மட்டும் அம்மையாரின் காதில் விழும்படி கேட்டுவிடாதீர்கள்; அவரிடம் சொல்லியிருக்கும் தொகையில் ஒரு பூஜ்யம் குறைவு.