டிபன், மீல்ஸ்: மயிலாப்பூர்ச் சான்றுகளை முன்வைத்து

இவ்விரு ஆங்கிலச் சொற்களும் ஒருபொருட் கிளவிகள் என்று கருதுவாருளர். அவர்கள் பகல் ஒரு மணிக்கு லஸ் முனையில் இட்லி கேட்டுப் பார்த்தவரல்லர்.

யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, டிபன் என்றால் மதிய உணவு என்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். மாட வீதிகளில் களப்பணி செய்த தடயம் அகராதியில் இல்லை. இங்கே டிபன் நண்பகலைக் காலி செய்து காலைக்கும் மாலைக்கும் குடிபெயர்ந்துவிட்டது. பழம்பொருள் ‘டிபன் பாக்ஸ்’ என்னும் தொகையில் மட்டும், தயிர்சாதத்தோடு எஞ்சியிருக்கிறது.

மீல்ஸுக்கு ஒருமை இல்லை. காசு கொடுத்தால்தான் மீல்ஸ். வீட்டில் அது சாப்பாடு.

மெஸ் என்பது மீல்ஸுக்குரிய நிலம் என்பாரை அருண்டேல் தெரு ராயர் மெஸ் மறுக்கிறது. அங்கே டிபன்தான்.

இலை: சான்றாகாது. இரண்டுக்கும் போடுகிறார்கள்.

இனி அரிசி. ஒருபொழுது இருப்பவர் இரவில் சோறு உண்ணார், இட்லி உண்பார். அரைபட்டால் அரிசித்தன்மை நீங்கும் என்பது விதி (பாட்டி வாக்கு, அடுக்களைப் படலம், எதிர்ப்பேச்சுக்கு இடமில்லாத பகுதி). அரிசி உப்புமாவில் உடைபட்டதே போதும் என்பது புறனடை.

வெண்பொங்கலிலோ அரிசி அரைபடவுமில்லை, உடைபடவுமில்லை. பருப்போடு குழைந்து கிடக்கிறது. சாம்பார் சாதமும் அப்படியே. ஆயினும் முன்னது காலையில் டிபன், பின்னது மினி மீல்ஸின் உறுப்பு. ஏன்? சாம்பார் கிண்ணத்தில் நின்றால் டிபன், உள்ளே புகுந்தால் மீல்ஸ். இதுவே அகச்சாம்பார்-புறச்சாம்பார் கோட்பாடு (தி.நகர் மேசைக்கண்ணாடிச் சாசனம், வடக்குப் பக்கம், வரி 3, வரி 4 சட்னியால் சிதைந்தது, கல்லாவுக்குப் பின்னுள்ள விலைப்பலகைப் பாடம் வேறு, அதில் விலைகள் மட்டும் பிற்கால இடைச்செருகல்). சாம்பாரில் மூழ்கிய குட்டி இட்லி டிபனாகவே நீடிப்பது எப்படி எனில், அது அகப்புறம்.

கருத்தரங்குகளில் இக்கோட்பாட்டைத் தாக்குவோர் மதிய மீல்ஸுக்குப் பின்னும், ஆதரிப்போர் மாலை டிபனுக்கு முன்னும் பேசுவது மரபு. ஒரு சாரார் பேசுகையில் மறுசாரார் உறங்குவதால், இரு தரப்பும் தத்தம் முடிவை ‘யாரும் மறுக்காதது’ என்றே அச்சிடுகின்றன.

அடையாறில் பரிமாறுபவர் ஒருவரை அணுகி, பொங்கல் டிபனா மீல்ஸா என்று வினவினோம்.

“பொங்கல் தீந்துடுச்சு சார், பூரி சொல்லவா?”

பூரி கோதுமை. இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.