வெட்டிய யுகமும் ஒட்டிய யுகமும்: துப்பாக்கிக் கட்டையின் நீளம் பற்றி ஓர் ஆய்வு

பழைய ராணுவ ரைஃபிளின் மரக்கட்டை வரலாற்றை இரண்டு யுகங்களாகப் பிரிக்கலாம்: வெட்டிய யுகம், ஒட்டிய யுகம். தாத்தா வெட்டினார், பேரன் ஒட்டுகிறார். நடுவில் வந்த அப்பாவின் பங்களிப்பு பற்றிச் சான்றுகள் இல்லை.

வெட்டிய யுகம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவிலும் கனடாவிலும் உச்சத்தைத் தொட்டது. படைகள் கழித்துப்போட்ட லீ-என்ஃபீல்டு, மவுசர் ரைஃபிள்கள் சந்தையில் மலிவாகக் குவிந்தன. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும்வரை அவை தபாலிலேயே வீடு தேடி வந்தன. எடை சுமார் 4 கிலோ. முன்கட்டையோ ஏறக்குறைய குழலின் நுனிவரை நீண்டது. மான் வேட்டைக்குப் போகிறவர் பயனட் மாட்டப் போவதில்லை. ரம்பத்தை எடுத்தார், அறுத்தார், மிச்சத்தை அடுப்பில் போட்டார். அந்த யுகத்தின் தத்துவம் இவ்வளவுதான்.

ஒட்டிய யுகத்தின் தத்துவம் கொஞ்சம் சிக்கலானது. வெட்டுப்படாத கட்டைக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு என்று ஆனபின், பேரன் அடுப்புக்குப் போன துண்டைத் தேடுகிறார். வேறு துண்டு கிடைத்தாலும் பொருந்துமா? லீ-என்ஃபீல்டிலேயே பிரிட்டிஷ் கட்டைகள் பல வால்நட், ஆஸ்திரேலிய லித்கோ ஆலையின் கட்டைகள் பல கோச்வுட். இரண்டும் ஒரே சாயத்தைக் குடித்து வேறு வேறு நிறம் காட்டும். பல்லாண்டு எண்ணெய் ஊறிய மரத்தில் பசையும் பிடிக்காது. முதலில் அசிட்டோனால் துடைத்தெடுக்க வேண்டும். நேர்க்குறுக்காக அறுத்த முனைகளை முட்டவைத்து ஒட்டினாலும் நிற்காது. சரிவாகவோ படிபோலவோ செதுக்கி, எபாக்சி பூசி, உள்ளே ஊசியும் செருக வேண்டும். ஒட்டிய இடத்தை, கட்டையைக் குழலோடு பிடிக்கும் உலோக வளையத்துக்கு அடியில் மறைப்பது இத்துறையின் பரம ரகசியம். அதனால் வாங்க வருகிறவர் முதலில் கழற்றிப் பார்ப்பது அந்த வளையத்தைத்தான்.

பின்கட்டை விஷயத்தில் ராணுவம் வெட்டியவர்களையும் ஒட்டுகிறவர்களையும்விடத் தெளிவாக இருந்தது. லீ-என்ஃபீல்டின் பின்கட்டை நான்கு நீளங்களில் வந்தது: சாதாரணம், அதைவிட அரை அங்குலம் கூடியது, அரை அங்குலம் குறைந்தது, ஓர் அங்குலமே குறைந்த பேன்டம். வீட்டில் நீட்டுகிறவர்கள் கட்டையின் பின்முனையில் மரத்துண்டோ ரப்பர் திண்டோ வைத்து அதே அரை அங்குலத்தைச் சம்பாதிக்கிறார்கள். நீளம் கூடினால் கட்டை சட்டையில் மாட்டும். குறைந்தாலோ, சுடும்போது உதைப்பில் கட்டைவிரல் மூக்கைக் குத்தும். நீளவியலில் மறுக்க முடியாத ஒரே அளவுகோல் மூக்குதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நீளம் போக, கட்டை பிளப்பதைப் பொறுத்தவரை முன்யோசனைக்கான பாராட்டு நம் இஷாப்பூர் துப்பாக்கி ஆலைக்குச் சேரும். முன்கட்டை பிளக்காதிருக்கக் குறுக்கே ஒரு திருகாணியைப் போட்டுவிட்டார்கள்.

முதல் உலகப்போர்க் கால லீ-என்ஃபீல்டு கையில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீள போல்டின் சதுர முனை, முன்கட்டைக்குள் உள்ள தகட்டில் கோத்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்த போல்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். எனவே முதலில் முன்கட்டை, பிறகே பின்கட்டை.